கல் சொல்வதும் நாம் சொல்லுவதும்

பேசாது நிற்பவனைக் "கல்லைப் போல் நிற்கிறான்" என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. ஆனால் நிலநூல் வல்லாரும் தொல்பொருள் ஆராய்வாரும் இவ்வழக்கை ஒப்புக்கொள்ளார். கல்லும் பேசும் என்பதே அவர்தம் கொள்கை. அது பேசுகின்றது என்பது மெய்யே. ஆயினும், அது தானாகப் பேசுவது எவ்வளவு, அதன் வாயில் நாம் இட்டுப் பேசுவது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். பண்டைக் கற்கருவி ஒன்றைக் கண்டவுடன் "இது வேட்டைக் கருவி" என்றும், "இது நம் முன்னோர் செய்தது" என்றும் தீர்ப்புக் கூறிவிடும் பழக்கம் நம்மவரிடையே மிகுந்து வருதலின், அதுபற்றி என் கருத்தை இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

அப்பிழையைச் செய்தவருள் யானும் ஒருவன். பள்ளியிற் படித்த காலத்தில், எங்கள் ஊராகிய பொன்னேரிக்கு மேற்கே உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, சாலையோரத்துச் சரளைக் குவியலில் உள்ளங்கையளவுள்ள கல்லொன்றைக் கண்டெடுத்தேன். ஒரு முனை கூம்பி, மறு முனை பருத்து, இரு முகங்களிலும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, வாதுமைக் கொட்டை போன்ற வடிவுடன் அஃது இருந்தது. வீட்டிற்குக் கொணர்ந்து, காற்றில் தாள்கள் பறவாதிருக்க மேசைமேல் வைத்தேன். வந்தவர்க்கெல்லாம், "ஆதிமனிதன் மான் வேட்டையாடிய கோடரி இது" என்று பெருமிதத்துடன் கதை சொல்லி வந்தேன்.

பல்லாண்டுகளுக்குப் பின், இத்துறையில் நெடுநாள் பழகிய பெரியவர் ஒருவர் எங்கள் இல்லத்திற்கு வந்தார். கல்லைக் கையிலெடுத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதை எங்கே எடுத்தாய்?" என்று வினவினார். "சரளைக் குவியலில் எடுத்தேன், ஐயா" என்றேன். "அந்தச் சரளை எந்தக் குழியிலிருந்து வந்தது? எத்தனை அடி ஆழத்தில் இது கிடந்தது? இதன் மேல் என்ன மண், கீழ் என்ன மண்?" என்று அடுக்கினார். ஒன்றற்கும் என்னிடம் விடையில்லை. "நல்ல கல்தான். ஆனால் இதன் முகவரி தொலைந்துவிட்டது" என்று கூறி அதனை மெல்ல மேசைமேல் வைத்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அன்று நான் அடைந்த நாணம் இன்றும் நீங்கிற்றில்லை.

அவர் கேட்ட கேள்விகளின் அருமை, நம் வட்டாரத்தின் ஆராய்ச்சி வரலாற்றை அறிந்தார்க்கு நன்கு விளங்கும். இந்தியாவில் பழைய கற்காலம் என்றொன்று உண்டு என்பதற்கான முதற்சான்று நம் சென்னைப் பக்கத்திலேதான் கிடைத்தது. 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார், பல்லாவரத்துப் படைப் பயிற்சித் திடலில் வெட்டப்பட்டிருந்த சரளைக் குழியொன்றில் மனிதக் கைபட்ட கல் ஒன்றைக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பரில், தம்முடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பாரோடு கொற்றலையாற்றுப் பக்கம் சென்று, அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டெடுத்தார். பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் படுகையிற் கிடைத்த கருவிகள் மனிதர் செய்தனவே என்று ஐரோப்பிய அறிஞர் பலர் ஒப்புக்கொண்டது 1859 இல். அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின்னர் அதே செய்தி நம் ஆற்றங்கரையிலும் வெளிப்பட்டது. பழமொழிகளைத் தொகுத்தும் திருமறையை மொழிபெயர்த்தும் தமிழுக்குத் தொண்டாற்றிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகனே இப்பூட் என்பதும் நம்மனோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

நிற்க, பூட் அவர்களும் கல்லைப் பொறுக்கியவர்தாமே என்று சிலர் கேட்கலாம். பொறுக்கினார், ஆனால் எங்கே பொறுக்கினார் என்பதை எழுதி வைத்தார். அவர் பல்லாண்டுகள் அலைந்து சேர்த்த தொகுதியைச் சென்னை அரசாங்க அருங்காட்சியகம் 1904 இல் விலைகொடுத்து வாங்கிற்று. அதன் அட்டவணை 1914 இல் அச்சாயிற்று. ஊர்ப் பெயர்களோடு கூடிய அவ்வட்டவணையினாலேயே, பின்வந்தோர் அவர் சென்ற இடங்களுக்கே மீண்டுஞ் சென்று ஆராய முடிந்தது. பூட்டின் கற்களுக்கு முகவரி உண்டு. என் கல்லுக்கு இல்லை. இருவரும் குனிந்தெடுத்தது ஒரே வகைக் கல்லாயினும், அவர் எடுத்தது சான்றாயிற்று. யான் எடுத்தது தாளின்மேல் வைக்கும் பாரமாயிற்று.

இனி, முகவரியோடு கிடந்த கல் எவ்வளவு பேசும் என்பதைக் காண்போம். 1999 ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு அம்மையாரும் குமார் அகிலேஷ் அவர்களும் அவர்தம் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் முறைப்படி அகழ்ந்தாராய்ந்தனர். அங்கே மேலே சரளையும் மண்ணும் அடுக்கடுக்காக இருக்க, அவற்றின் கீழே கனமான களிமண் படலமொன்று இருக்கின்றது. அக்களிமண்ணினுள் கைக்கோடரிகளும் பிளக்குங் கருவிகளும் பெருஞ் சில்லுகளும் கிடைத்தன. அமைதியாகத் தேங்கிய நீர் படியவைத்த களிமண்ணில் கூழாங்கல் தானாக வந்து சேராது. ஆகவே, அக்குவார்ட்சைட் கற்களை வேறிடத்திலிருந்து எவரோ சுமந்து கொணர்ந்திருத்தல் வேண்டும். எங்குக் கல் கிடைக்கும் என்பதை அறிந்து, வேண்டியதைத் தெரிந்தெடுத்து, பின்னொரு வேலைக்காகத் தூக்கி வந்த முன்யோசனை அதனால் விளங்குகின்றது. இவ்வரிய செய்தியைக் கூறியது கல்லின் வடிவமன்று. அது கிடந்த மண்ணே.

காலத்தைக் கணித்ததும் அவ்வாறே. கல் நிலத்தின் மேற்பரப்பிற் கிடக்கும்வரை, வானிலிருந்து வரும் நுண்கதிர்கள் தாக்குவதால் அதனுள் அலுமினியம், பெரிலியம் என்பவற்றின் கதிரியக்க அணுக்கள் சிறிது சிறிதாகத் தோன்றும். கல் ஆழப் புதைந்தபின் அவ்வாறு தோன்றுதல் நின்றுவிடும். முன்னரே தோன்றியவை வெவ்வேறு விகிதத்தில் அழிந்துகொண்டே வரும். எஞ்சிய இரண்டின் அளவையும் ஒப்பிட்டு, கல் புதைந்து எத்தனை காலமாயிற்று என்று கணக்கிடுவர். இம்முறையால், அத்திரம்பாக்கத்துப் பழங்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011 இல் வெளியிட்டனர். மேற்படலங்களில், கைக்கோடரி அருகிச் சிறு கருவிகள் பெருகிய இடைப் பழங்கற்காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2018 இல் காட்டினர். இவ்வெண்களெல்லாம், கல் எந்தப் படலத்தில் எந்நிலையில் புதைந்து கிடந்தது என்பது தெரிந்தமையாற் கிடைத்தவை. என் மேசைமேலிருந்த கல்லை உலகத்துச் சிறந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினும் இவ்விடை முழுமையாகக் கிடைக்குமோ?

இப்போது "வேட்டை" என்னுஞ் சொல்லுக்கு வருவோம். கைக்கோடரி என்னும் பெயரே நாம் இட்டது. அதற்குக் காம்பில்லை, நம் கொல்லன் அடித்துக் கொடுக்கும் கோடரியோடு அதற்குள்ள உறவு பெயரளவே. அதனைக் கொண்டு ஊனை அறுக்கலாம், எலும்பைப் பிளந்து ஊனெய்யை எடுக்கலாம், மரத்தைச் செதுக்கலாம், மண்ணைக் கிளறிக் கிழங்கை அகழலாம். விளிம்பின் தேய்வை உருப்பெருக்கியால் ஆராய்ந்தாலன்றி இவற்றுள் எதற்குப் பயன்பட்டது என்று சொல்லுதல் அரிது. பல்லாயிரம் ஆண்டு நீரிலும் மண்ணிலும் கிடந்த கல்லில் அத்தேய்வும் பல வேளை அழிந்தொழியும். அத்திரம்பாக்கத்தில் விலங்குப் பற்கள் சில கிடைத்ததுண்டு. விலங்கு அப்பக்கம் உலவியதற்கு அவை சான்றாகும். அவ்விலங்கை ஒருவன் கொன்றான் என்பதற்குத் தாமே சான்றாகா. செருமனி நாட்டுச் சோனிங்கன் என்னுமிடத்தில், நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் கட்டிய மண் காத்து வைத்தமையால், பழங்காலத்து ஈட்டிகள் சில 1990 களில் குதிரை எலும்புகளோடு வெளிப்பட்டன. அவை முற்றும் மரத்தாலானவை, கல்முனை இல்லாதவை. வேட்டைக்குச் சென்றது மரம். எஞ்சி நிற்பதோ பெரும்பாலும் கல். எஞ்சியதைக் கொண்டே எல்லாவற்றையும் அளப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இஃதொன்றே போதும்.

வேட்டைக் கருவி என்பதில் ஐயமே இல்லாத இடத்திலுங்கூட, வேட்டையாடியவர் யார் என்பதில் நாம் வழுக்கி விழுதல் கூடும். தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் ஆண்டீசு மலைமேல், கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரத்தில், விலமாயா பட்ஷா என்றோர் இடம் உண்டு. அங்கே 2018 இல், ஏறத்தாழ 9,000 ஆண்டுக்கு முற்பட்ட புதைகுழியொன்றை அகழ்ந்தனர். புதையுண்டவரின் தொடையருகே, எறிபடைக்குரிய கூரிய கல்முனைகளும், அறுக்கவும் சுரண்டவும் உதவும் கருவிகளும், காவிக்கல்லும் ஓரிடத்திற் குவிந்து கிடந்தன. அவற்றை வைத்த பை மக்கியிருக்கலாம்; பொருள்கள் பையில் வைத்தாற்போலவே இருந்தன. விலங்கை வீழ்த்துவது முதல் தோலைப் பதப்படுத்துவது வரை வேண்டுவன யாவும் ஒரே தொகுதியாக இருந்தமை கண்டு, அகழ்ந்தவர்கள் "பெரிய வேடன், ஒருவேளை தலைவன்" என்று தம்முள் பேசிக்கொண்டனராம். பின்னர் எலும்பை நோக்கியும், பல்லின் மேற்பூச்சிலுள்ள புரதத்தைச் சோதித்தும் பார்த்தபோது, அவ்வேடன் 17 முதல் 19 வயதுக்குட்பட்ட இளம்பெண் என்பது தெளிவாயிற்று. ராண்டல் ஹாஸ் என்பாரும் அவர் குழுவினரும் இதனை 2020 இல் வெளியிட்டனர். அமெரிக்கக் கண்டங்களிரண்டிலும் முன்னரே கிடைத்திருந்த பழம் புதைகுழிகளை அவர்கள் மீண்டும் ஆராய்ந்தபோது, பெருவிலங்கு வேட்டைக் கருவிகளோடு புதையுண்ட 27 பேரில் 11 பேர் பெண்டிராகக் காணப்பட்டனர். தொகை சிறிது, குழியிலிட்ட பொருள் இறந்தவர் கையாண்டதுதானா என்று தடை கூறுவாரும் உளர். ஆயினும், கல்முனையைக் கண்டவுடன் ஆண்மகனை நினைக்கும் நம் மனத்தின் வழக்கத்தை அக்குழி வெளிப்படுத்திவிட்டது. கல் "ஆண்" என்று சொல்லவில்லை, நாமே சொன்னோம்.

அதனினும் பெரிய வியப்பு பின்னர் வந்தது. அதே ஆண்டீசு மேட்டு நிலத்தில், அவ்விடத்திலும் அதையடுத்த மற்றோரிடத்திலும் புதையுண்ட 24 பேரின் எலும்பினை வேதிமுறையால் ஆராய்ந்து, அவர் உண்ட உணவில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு செடிகொடிகளிலிருந்து வந்தது. கிழங்கு வகைகளே அதிற் பெரும்பகுதியாக இருந்திருக்கலாம் என்று 2024 இல் வெளியிட்டனர். கல்முனைகளைப் பார்த்து "இவர்கள் ஊனே உணவாகக் கொண்ட வேடர்" என்று எண்ணியிருந்தோம். கிழங்கு தோண்டிய கோலும், அதனைச் சுமந்த கூடையும் மண்ணோடு மண்ணாயின. கல்முனை மட்டும் நின்றது. கருவி அழியாது நின்றமையால் வேட்டையே வாழ்வென்று மயங்கினோம். நம் இருளர் மக்களோடு பழகியவர்க்கு இது புதுமையன்று. காட்டில் வாழ்க்கை நடத்துதல் என்பது எந்த மாதத்தில் எந்தக் கிழங்கு எங்கிருக்கும் என்றறிவதும் ஆகும் என்பதை அவர்கள் நன்கறிவர்.

இதனினும் முக்கியமான ஒன்றை இனிக் கூறுதல் வேண்டும். சிலர் மனம் வருந்தினும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. அத்திரம்பாக்கத்துச் செய்தி வெளிவந்த நாள் முதல், "15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழன் வாழ்ந்தான்" என்று மேடையிற் பேசுவாரும் எழுதுவாரும் நம்மிடையே உளர். தாய்மொழிப் பற்று எனக்கும் குறைவன்று. ஆனால் அக்கருவிகளோடு மனித எலும்பு ஒன்றும் அங்குக் கிடைக்கவில்லை. நம்மைப் போன்ற மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளாக இப்போது கருதப்படுவன மொராக்கோ நாட்டிற் கிடைத்தவை. அவையும் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுக்கு உட்பட்டனவே. அங்ஙனமாயின், 15 இலட்சம் ஆண்டுக்கு முன் கொற்றலையாற்றங்கரையிற் கல்லைச் செதுக்கிய கை நம் இனத்தாரின் கையே அன்று. வேறொரு பழைய மனித வகையினரின் கை. அவர்க்கு மொழி உண்டோ இல்லையோ, யாரறிவார்? அக்கையின்மேல் நம் மொழியின் பெயரைப் பச்சை குத்துதல் தமிழுக்குப் பெருமை தேடுவதன்று. தமிழின் தொன்மைக்குத் தமிழே சான்றாக நிற்கின்றது. பேசாத கல்லைப் பொய்ச்சான்று கூற அழைக்கவேண்டிய வறுமை அதற்கில்லை. நம் மண்ணில் இது நிகழ்ந்தது, நம் மண் இதனைக் காத்து வைத்தது, இதனைக் காக்கும் கடமை நமது என்று சொல்லுவோம். அவ்வளவே உண்மை, அவ்வளவே போதிய பெருமை.

"இவ்வளவு நுட்பம் எதற்கு? ஒரு கல் போனால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பார்க்கு விடை கூறுகின்றேன். பொன்னேரி முதல் கும்மிடிப்பூண்டி வரையிலும், திருவள்ளூர்ப் பக்கத்திலும் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. அவற்றால் நம் பிள்ளைகள் பலர் பிழைக்கின்றனர்; அவற்றை வேண்டாவென்று கூறுவேனல்லேன். ஆனால் சாலைக்கும் கட்டடத்துக்கும் பள்ளத்தைத் தூர்ப்பதற்கும் சரளையும் செம்மண்ணும் வேண்டும். பழங்கருவிகள் கிடப்பதோ பெரும்பாலும் அச்சரளையிலும் செம்மண்ணிலுமே. பல்லாவரத்தில் பூட்டுக்கு முதற் கருவியைக் காட்டியதும் சரளைக் குழிதான் என்பதை மறவாதீர். அன்று மண்வெட்டியால் வெட்டினர்; குழியின் பக்கச் சுவர் நின்றது; அறிந்தவர் ஒருவர் அதனை நின்று நோக்கினார். இன்று பொறியினால் ஒரே நாளில் மேடு முழுதும் பெயர்ந்து லாரியில் ஏறிவிடுகின்றது. குழியைத் தோண்டுதல் மட்டும் தீங்கன்று. நோக்குவார் ஒருவருமின்றித் தோண்டுதலே தீங்கு. நூலொன்று எரிந்தால் வேறு படி தேடலாம். மண்ணடுக்கிற்கு வேறு படி இல்லை.

"நாம் எடுக்காவிடின் லாரி எடுத்துப் போகுமே, ஆகவே எடுப்பதே நலமன்றோ?" என்பது மற்றொரு கேள்வி. இதில் நியாயம் உண்டு. ஆனால் எடுத்து வீட்டில் வைப்பதனால் லாரி நிற்கப்போவதில்லை. அங்கே கருவிகள் உள்ளன என்பதற்கான அடையாளம் ஒன்று குறைவதே மிச்சம். ஆகவே மாணாக்கர்க்கு யான் கூறுவன மூன்று. முதலாவது, ஐயத்துக்குரிய கல்லைக் கண்டால் அசைக்காதீர். பக்கத்தில் அளவுகோலையோ ஒரு நாணயத்தையோ வைத்துப் படம் எடுங்கள். ஊர், நிலத்தின் அடையாளம், குழியாயின் அதன் ஆழம், மேலும் கீழுமுள்ள மண்ணின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அக்குறிப்பைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மூன்றாவது, ஒருமுறையேனும் பூண்டியிலுள்ள அகழ்வைப்பகத்துக்குச் சென்று வாருங்கள். இவ்வட்டாரத்துக் கற்கருவிகளுக்கென்றே 1985 இல் நிறுவப்பெற்ற அவ்விடத்தில், இயற்கையாக உடைந்த கல் எது, கைபட்டு உடைந்த கல் எது என்று கண்ணுக்குப் பயிற்சி பெறலாம். பிழைபட்ட ஆர்வம் அறியாமையினும் கேடு செய்யும். என் வாழ்வே அதற்குச் சான்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். கற்கருவிகளை வரலாற்று வகுப்பின் முதற்பாடத்தில் அரைப்பக்கம் கூறி விடுத்தல் போதாது. மண்ணடுக்கை அறிய நிலநூலும், கிழங்கையும் மரத்தையும் அறியச் செடிநூலும், காலத்தை அறியப் பௌதிகமும் வேண்டுமன்றோ? இத்துறையார் யாவரும் ஒருநாள் ஒருங்கே மாணாக்கரை அத்திரம்பாக்கத்துக்கு அழைத்துச் சென்று, எதையும் எடாமல், பார்த்து மட்டும் திரும்பிவரச் செய்தால், அந்நாள் பல நாட்பாடத்துக்கு ஈடாகும்.

என் கல்லைப் பற்றிக் கூறி முடிக்கின்றேன். அதனை இவ்வாண்டு நம் கல்லூரி வரலாற்று வகுப்பிற்குக் கொடுத்துவிட்டேன். அதனோடு வைக்க ஒரு சீட்டும் எழுதினேன். "வேட்டைக் கோடரி" என்று எழுதப் பழக்கத்தால் கை முந்திற்று, அடித்துவிட்டு இவ்வாறு எழுதினேன்: "இருபுறமும் செதுக்கப்பட்ட குவார்ட்சைட் கல். செய்தவர் தெரியாது. பயன் தெரியாது. கிடைத்த இடம், எடுத்தவனது கவனக்குறைவால் தெரியாது." முதலிரண்டு வரிகளுக்கு யான் பொறுப்பல்லேன். மூன்றாவது வரியைப் படிக்கும் மாணாக்கன் ஒருவனேனும், நாளை ஒரு சரளைக் குழியருகே குனியும்போது கையை நீட்டாமல் முதலிற் குறிப்பேட்டை எடுப்பானாயின், அக்கல் என் மேசைமேற் கிடந்த ஆண்டுகள் வீணாகா.